காமாக் கதிருக்குக் கிடைத்த கண்கள்



கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த இந்தக் கெடா மாநிலத்தில், கோலா கெடாவிலிருந்து கூலிம் வரை, தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களாக இருந்தாலும் பட்டணத்துத் தாமானில் குடியேறியவர்களாக இருந்தாலும், எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டு இன்று யாரும் அஞ்சுவதில்லை. மார்புச் சளிக்கு ஒரு படம், கீழே விழுந்தால் ஒரு படம் என்று பழகிவிட்டோம். ஆனால், “பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அணு மருத்துவப் பகுதிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்து வாருங்கள், ஊசி போட்டுப் படம் பிடிப்பார்கள்” என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வீடே கலங்கிப் போகிறது. அணு என்றதும் ஹிரோஷிமாதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஊசி போட்டால் முடி கொட்டுமாம் என்கிறார் ஒருவர். பேரப் பிள்ளையை இனிமேல் தூக்கவே கூடாதாம் என்கிறார் இன்னொருவர். இப்படிப் பேசிப் பேசியே, கொடுத்த தேதியைத் தவறவிட்டு, கழுத்துக் கட்டியோடும் எலும்பு வலியோடும் மாதக் கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பயம் ஒரு பொருளைத் தெரியாததால் வருவது. ஆகவே அந்தப் படம் எப்படிப் பிடிக்கப்படுகிறது, அதைப் பிடிக்கும் கண் எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே என்பது நிழல். வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சுகிறார்கள். எலும்பு மறைக்கும் இடம் வெளுப்பாகவும், கதிர் கடந்து போகும் இடம் கறுப்பாகவும் விழுகிறது. நாம் இப்போது பேசப் போகும் படம் அப்படிப்பட்டதன்று. காகிதக் கூண்டுக்குள் விளக்கேற்றி வைத்தால் உள்ளிருந்து வெளிச்சம் வருகிறதல்லவா? அதுபோல, கதிர் வீசும் மருந்து மிகச் சிறிதளவு உடம்புக்குள் செலுத்தப்படுகிறது. அது போய்ச் சேரும் இடத்திலிருந்து காமாக் கதிர் வெளியே வருகிறது. வெளியில் நிற்கும் கருவி அதைப் பார்க்கிறது. எலும்பின் வடிவத்தை எக்ஸ்ரே காட்டும். அந்த எலும்பில் என்ன வேலை நடக்கிறது என்பதை இந்தப் படம் காட்டும். தைராய்டு சுரப்பி சோம்பிக் கிடக்கிறதா, தறிகெட்டு ஓடுகிறதா என்பது நிழலில் தெரியாது.

காமாக் கதிரை முதலில் கண்டறிந்தவர் பால் வில்லார் என்ற பிரெஞ்சுக்காரர். 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், ரேடியத்திலிருந்து வரும் கதிர்களை ஆராய்ந்தபோது, ஈயத் தகட்டையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும் ஒரு கதிரைக் கண்டார். அவர் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. 1903-இல் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டுதான் கிரேக்க மொழியின் மூன்றாம் எழுத்தைக் கொடுத்து ‘காமா’ என்றார்.

அதே 1903-இல் லண்டனில் வில்லியம் குரூக்ஸ் என்பவர் ஒரு வேடிக்கைப் பொருளைச் செய்தார். கட்டைவிரல் அளவுக் குழாய். ஒரு முனையில் துத்தநாக சல்பைடு பூசிய தகடு. அதற்கு மேல் ஒரு துளி ரேடியம். மறு முனையில் பூதக்கண்ணாடி. இருட்டறையில் கண்ணை வைத்துப் பார்த்தால், தகட்டில் சின்னஞ்சிறு பொறிகள் மின்மினி போலத் தோன்றித் தோன்றி மறையும். ஒவ்வொரு பொறியும் ஓர் அணுவிலிருந்து தெறித்து வந்த ஒரு துகள். மனிதன் தனித்தனி அணுவின் செயலைக் கண்ணால் கண்டது அன்றுதான். நாம் பேசும் கருவிகள் அனைத்துக்கும் இந்தப் பொறியே மூலம். கதிர் வந்து படிகத்தில் மோதினால் ஒளிப்பொறி. அந்தப் பொறியைப் பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும். படிகமும் கண்ணும் மாறிக்கொண்டே வந்தன, வேலை மாறவில்லை.

தொடக்கத்தில் கண் என்பது மனிதக் கண்ணேதான். 1909-இல் மான்செஸ்டர் நகரில் ரதர்ஃபோர்டின் கீழ் வேலை செய்த கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, ஆல்பாத் துகள்கள் தெறிக்கும் பொறிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன நம் தாய்மார்களுக்கு இது புரியும்: வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, இருட்டுப் பழக நேரமாகும். அந்த ஆய்வாளர்களும் அரை மணி நேரம் சும்மா இருட்டில் இருந்து கண்ணைப் பழக்கிய பிறகே எண்ணத் தொடங்குவார்கள். சிறிது நேரத்தில் கண் களைத்துவிடும், வேறொருவர் உட்காருவார். அணுவுக்குள் உட்கரு இருக்கிறது என்ற உண்மை 1911-இல் வெளிவந்தது இப்படிக் கண் நோக எண்ணியதால்தான்.

அந்நாட்களில் மான்செஸ்டரில் ஹெவெசி என்ற ஹங்கேரிய இளைஞரும் இருந்தார். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் தங்கியிருந்த வீட்டு அம்மாள், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய உணவை வாரம் முழுதும் உருமாற்றிப் பரிமாறுகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். கேட்டால் கிடையாது என்று சாதிக்கிறாள். ஒருநாள் தட்டில் மிஞ்சியதில் துளிக் கதிரியக்கப் பொருளைத் தூவி வைத்தார். சில நாள் கழித்து வந்த உணவுக்குப் பக்கத்தில் கருவியை வைத்தால், அது காட்டிக் கொடுத்துவிட்டது! கதை எப்படியோ, கருத்து சரியானது. ஒரு பொருளுக்குக் கதிரியக்க அடையாளம் போட்டுவிட்டால், அது எங்கே போனாலும் பின்தொடரலாம். 1913 முதல் ஹெவெசி இந்த முறையை வளர்த்தார். 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது. இன்று ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் அப்படி ஓர் அடையாளம்தான்.

மனிதக் கண்ணுக்கு ஓய்வு கொடுத்தது ஒளிமின் பெருக்கிக் குழல். 1930-களில் வந்த இது ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே காற்றே கிடையாது. அதன் முகப்பில் ஓர் ஒளித்துகள் பட்டால் ஓர் எலெக்ட்ரான் வெளியே துள்ளும். ஆயிரம் வோல்ட் அளவு மின்னழுத்தம் அதை இழுத்துக்கொண்டு போய் ஒரு தகட்டில் மோதும். மோதிய இடத்தில் ஒன்று நான்காகும். அடுத்த தகட்டில் நான்கு பதினாறாகும். இப்படிப் பத்துத் தகடுகளைக் கடந்தால் கணக்கு 10 இலட்சத்து 48 ஆயிரத்தைத் தாண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத மினுக்கத்தைக்கூட எண்ணத்தக்க மின்துடிப்பாக அது மாற்றிவிடும். 1944-இல் அமெரிக்காவில் போர்க்கால ஆய்வில் இருந்த சாமுவேல் கரன், துத்தநாக சல்பைடுத் தகட்டுக்கு முன்னால் கண்ணுக்குப் பதிலாக இந்தக் குழலை வைத்தார்.

ஆனால் காமாக் கதிர் மெல்லிய தகட்டை ஊடுருவிப் போய்விடும். தடிமனான, ஆனால் கண்ணாடி போலத் தெளிந்த பொருள் வேண்டும். 1947-இல் பெர்லினில் கால்மான் என்பவர் நாப்தலீனைப் பயன்படுத்தினார். துணிப்பெட்டியில் போடுகிறோமே பாச்சை உருண்டை, அந்தச் சரக்கேதான்! அடுத்த ஆண்டில் ஹாஃப்ஸ்டாட்டர் என்ற அமெரிக்கர் சோடியம் அயோடைடு உப்பில் தாலியத்தைச் சிறிது கலந்து வளர்த்த படிகம் மிக நன்றாக ஒளிர்வதைக் கண்டார். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் அந்த உப்புதான் வேலை செய்கிறது. மழைக்காலத்தில் சமையல் உப்பு நீர்த்துப் போவது போல அதுவும் ஈரத்தை இழுக்கும். அதனால் காற்றுப் புகாத உறைக்குள் அடைத்து வைத்திருப்பார்கள்.

இதற்கிடையில் மருந்தும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. 1941-இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் கதிரியக்க அயோடினைக் கொண்டு தைராய்டு நோய்க்குச் சிகிச்சை தொடங்கினார். போர் முடிந்ததும், 1946 முதல், அணுகுண்டுக்காகக் கட்டிய அமெரிக்க அணு உலையிலிருந்தே மருத்துவமனைகளுக்குக் கதிரியக்கப் பொருள்கள் அனுப்பப்பட்டன. தைராய்டு அயோடினைத் தேடித் தேடி உறிஞ்சும். எந்த இடம் எவ்வளவு உறிஞ்சியது என்று பார்க்க, தொடக்கத்தில் டாக்டர்கள் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் கருவியை வைத்து, எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் பெனடிக்ட் கேசன் அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தார். அவருடைய கருவி, வயலில் ஏர் போவது போல, இடமிருந்து வலமாகவும் பின் வலமிருந்து இடமாகவும் மெல்ல ஊர்ந்து படம் வரைந்தது. நோயாளி அசையாமல் நெடுநேரம் படுத்திருக்க வேண்டும்.

அந்தப் பொறுமையைத் தேவையில்லாமல் ஆக்கியவர் ஹால் ஆங்கர். அவர் டாக்டர் அல்லர். கலிபோர்னியாவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த மின் பொறியாளர். 1950-களின் இறுதியில், நான்கு அங்குல அகலமுள்ள ஒரே படிகத்துக்குப் பின்னால் ஏழு குழல்களைச் சேர்த்து வைத்தார். அவர் செய்த தந்திரம் இதுதான். தீபாவளி இரவில் லயத்துக்கு வெளியே எங்கேயோ ஒரு வெடி வெடிக்கிறது என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது செவிடாகிறது. கடைசி வீட்டுக்காரருக்கு இலேசாகக் கேட்கிறது. ஏழு வீட்டாரையும் விசாரித்து, எவ்வளவு பலமாகக் கேட்டது என்று ஒப்பிட்டால், வெடித்த இடத்தைப் பார்க்காமலே குறித்துவிடலாம் அல்லவா? அப்படியே ஒரு பொறியின் ஒளியை ஏழு குழல்களும் எவ்வெவ்வளவு பெற்றன என்பதை ஒப்பிட்டு, பொறி தோன்றிய புள்ளியை மின்சுற்றே கணக்கிட்டுத் திரையில் இட்டது. கருவி ஊர வேண்டியதில்லை. முழு உறுப்பையும் ஒரே பார்வையில் காணலாம். காமாக் கேமரா என்று இன்று உலகமெங்கும் சொல்லப்படுவது ஆங்கர் வகுத்த இந்த முறைதான்.

காமாக் கதிரை ஒளியைப் போல லென்சினால் குவிக்க முடியாது. ஆகையால் படிகத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட ஈயப் பலகையை வைக்கிறார்கள். நேராக வரும் கதிர் மட்டுமே துளையில் நுழையும். பத்தாயிரத்தில் ஒன்று நுழைந்தாலே பெரிது. மற்றவை எல்லாம் வீண். நுழைந்த அந்த ஒன்றைக் கண் தவறவிட்டால், படம் தெளியாது. தெளிய வேண்டுமானால் மருந்தைக் கூட்ட வேண்டும், அல்லது நோயாளி அதிக நேரம் படுக்க வேண்டும். நல்ல கண்ணுக்காக விஞ்ஞானிகள் ஏன் இத்தனை பாடுபட்டார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

நல்ல கண்ணோடு நல்ல மருந்தும் வந்து சேர்ந்தது. டெக்னீஷியம் என்ற தனிமம் 1937-இல் இத்தாலியில் பாலர்மோ நகரில் கண்டறியப்பட்டது; மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. அதன் ஒரு வகை ஆறு மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். அவ்வளவு விரைவில் தேய்கிற பொருளை ஊர் ஊராக அனுப்புவது எப்படி? நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950-களின் இறுதியில் வழி கண்டார்கள். 66 மணி நேரத்தில் பாதியாகும் மாலிப்டினத்தை ஒரு சிறு குப்பியில் அடைத்து அனுப்பினால், அது தேயத் தேய டெக்னீஷியம் பிறந்துகொண்டே இருக்கும். காலையில் உப்புநீர் விட்டு வடித்துக்கொள்ளலாம். மறுநாள் மீண்டும் ஊறியிருக்கும். இந்தக் குப்பிக்கு மருத்துவமனைக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் ‘பசு’. வடிப்பதற்குப் பெயர் ‘கறப்பது’. கடல் கடந்து வரும் இந்தப் பசுவால்தான் நம் நாடு போன்ற தூர தேசங்களிலும் அணு மருத்துவம் பிழைத்தது. நம் நாட்டுக்கென்று ஓர் ஆய்வு அணு உலை பாங்கியில், புஸ்பாத்தி என்ற பெயரில், 1982 ஜூன் 28-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. இரண்டாண்டுக்குப் பிறகு, 1984-இல், கதிரியக்கப் பொருள்களை யார் எப்படிக் கையாளலாம் என்பதற்குச் சட்டமும் வந்தது. பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் மருத்துவ இயற்பியலைத் தனிப் பாடமாகவே கற்பிக்கிறது. இந்தக் கருவிகளைச் சரிபார்ப்பவர்கள் அத்துறையில் படித்தவர்கள்தாம். நம் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பு ஒன்றுதான் கண்ணில் படுகிறது, இதையும் பார்க்கலாம்.

இனி, கண்ணாடிக் குழலின் குறைக்கு வருவோம். அது பருமனானது, உடையக்கூடியது, உயர்ந்த மின்னழுத்தம் கேட்பது. எல்லாவற்றிலும் பெரிய குறை, காந்தத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யாது. காற்றில்லாத குப்பிக்குள் பறக்கும் எலெக்ட்ரானைக் காந்தம் வளைத்து, வழி தவறச் செய்துவிடும். எம்.ஆர்.ஐ. கருவியோ மாபெரும் காந்தம். மூளையின் வடிவத்தை எம்.ஆர்.ஐ.யும் அதன் இயக்கத்தைக் காமாக் கதிரும் ஒரே நேரத்தில் காட்டினால் எவ்வளவு நன்று! குழல் இருக்கும் வரை அது நடவாத காரியமாக இருந்தது.

விடை சிலிக்கனில் இருந்தது. ஆற்று மணலிலிருந்தும் எடுக்கலாம், வானொலிப் பெட்டிக்குள்ளும் இருக்கிறதே, அதே சிலிக்கன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோலண்ட் ஹைட்ஸ் முதலானோர் சிலிக்கன் சில்லுகளில் ஒரு தொல்லையை ஆராய்ந்தார்கள். அளவுக்கு மிஞ்சி மின்னழுத்தம் கொடுத்தால், சில்லில் ஏதோ ஒரு புள்ளியில் திடீரென்று மின்சாரம் சரிந்து பாய்ந்து, உடனே அடங்குகிறது. ஒரே ஓர் எலெக்ட்ரான் உருண்டால் போதும். மலைச்சரிவில் ஒரு கல் பல கற்களைப் புரட்டுவது போல இலட்சக் கணக்கில் புரண்டு வருகிறது. அன்று அது பழுது. அந்தப் பழுதையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த ஹைட்ஸின் பிற்காலக் கதை நமக்குச் சற்று நெருக்கமானது. அவர் 1969-இல் ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தில் சேர்ந்து, ஒளி தரும் சில்லுகளை வளர்ப்பதில் பெயர் பெற்றார். அந்த நிறுவனம் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலை திறந்தது. இன்டெல்லும் வேறு சில நிறுவனங்களும் அதே காலத்தில் வந்தன. பேருந்து ஏறிப் போய், பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டிய பெண்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பால் வெட்டிய தாயின் மகள் சில்லு ஒட்டினாள். ஹியூலட் பேக்கார்டின் சில்லுப் பிரிவு பின்னர் கைமாறிக் கைமாறி இன்று பிராட்காம் என்ற பெயரில் இருக்கிறது. நாம் சொல்லப் போகும் சிலிக்கன் கண்ணும் அந்த நிறுவனம் விற்கும் பொருள்களில் ஒன்று. நம் கூலிமில் 1996-இல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் சிலிக்கன் தட்டுகளில் வேலை நடக்கிறது. பத்திரிகைகள் இத்தகைய வளர்ச்சியைப் பேசும்போது முதலாளிகளின் பெயரைத்தான் போடுகின்றன. பூதக்கண்ணாடியில் பார்வையைத் தேய்த்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

பழுதைக் கண்ணாக மாற்றியவர்கள் பெரும்பாலும் ரஷ்யாவில் வேலை செய்த விஞ்ஞானிகள். 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் கோலோவின், சாதிகோவ் ஆகியோரும், பின்னர் மாஸ்கோவில் தோல்கோஷெயினும் இதை உருவாக்கினார்கள். அது வேலை செய்யும் விதத்தை இப்படிப் பாருங்கள். கோலா கெடாவிலிருந்து அலோர் ஸ்டார் வரை இருபுறமும் நெல்வயல். வயலில் எலிப்பொறி வைக்கிறோம். ஓர் எலி மிதித்தாலும் பொறி படாரென்று மூடும். இரண்டு எலி சேர்ந்து மிதித்தாலும் அதே சத்தம்தான். ஒரு பொறியை வைத்துக்கொண்டு எத்தனை எலி என்று சொல்ல முடியாது. ஆனால் வயல் முழுதும் ஆயிரம் பொறி வைத்தால், மூடிய பொறிகளை எண்ணி எலிக் கூட்டத்தின் அளவைச் சொல்லிவிடலாம். சிலிக்கன் கண்ணும் அப்படியே. மூன்று மில்லிமீட்டர் நீளம், மூன்று மில்லிமீட்டர் அகலம் உள்ள ஒரு சில்லில், மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவான பொறிகள் 3,600 அடங்கும். ஓர் ஒளித்துகள் பட்டால் ஒரு பொறி விழும். விழுந்த பொறி, தன்னோடு இணைந்த சிறு மின்தடையால் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல இலட்சம் மடங்கு விரைவில் தானே மீண்டும் எழுந்து நிற்கும். பெருக்கும் அளவு கண்ணாடிக் குழலைப் போலவே பத்து இலட்சம் மடங்கு. கேட்கும் மின்னழுத்தமோ முப்பது முதல் எழுபது வோல்ட் வரை. காந்தம் அதை ஒன்றும் செய்யாது.

இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் டாக்டர்கள் அல்லர். 2009-இல் ஜப்பானில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் சோதனை ஒன்றில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிலிக்கன் கண்கள் பொருத்தப்பட்டன. தமிழ்நாட்டிலும் இதன் உறவு உண்டு. மதுரையில் 2018 முதல் இயங்கும் 85 டன் இரும்புக் கருவியைச் சுற்றி, வானிலிருந்து விழும் துகள்களை அடையாளம் காணும் வேலி அமைக்க, ஒளிரும் பிளாஸ்டிக் சட்டங்களின் முனையில் இதே வகைக் கண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விண்ணை ஆராய்பவனுக்கும் தைராய்டைப் பார்ப்பவனுக்கும் ஒரே கண் உதவுகிறது.

மருத்துவத்தில் இது நுழைந்த வாசல், பெட் ஸ்கேன். அதில் கொடுக்கும் மருந்து, ஃபுளோரின் அடையாளமிட்ட சர்க்கரை. வேகமாக வளரும் புற்றுநோய் அணுக்கள் சர்க்கரையைப் பேராசையோடு உண்ணும். ஆகவே அந்த இடம் பளிச்சிடும். 1976-இல் பென்சில்வேனியாவில் இது முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது; அன்று மருந்து வேறு ஊரில் செய்யப்பட்டு விமானத்தில் பறந்து வந்தது, ஏனென்றால் 110 நிமிடத்தில் பாதி தேய்ந்துவிடும். இந்த மருந்திலிருந்து காமாக் கதிர்கள் இரட்டையாகப் பிறந்து, எதிரெதிர்த் திசையில் ஓடும். உடம்பைச் சுற்றி வளையமாக நிற்கும் கண்களில் இரண்டு ஒரே நேரத்தில் கண்டால், அவற்றை இணைக்கும் கோட்டில் நோய் இருக்கிறது. ஈயப் பலகை வேண்டாம்.

கோட்டில் எந்த இடத்தில் என்று கேட்டால், அங்கேதான் சிலிக்கன் கண்ணின் விரைவு பயன்பட்டது. இரட்டையரில் யார் முந்தி வந்தார் என்று அளந்தால் பிறந்த இடம் தெரிந்துவிடும். ஒளி, ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஓர் அடி தூரம் போகும். 2018-இல் வந்த ஒரு கருவி அந்தப் பங்கிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைப் பிரித்தறிந்தது; அதாவது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்குள் இடத்தைச் சுருக்கிவிட்டது. பெட்டையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒன்றாக்கிய முழு உடல் கருவி 2010-இல் சிலிக்கனின் ஒரு முந்திய வகையோடு வந்தது. 2014-இல் இந்தப் புதிய கண்ணோடு இன்னொன்று வந்தது. 2018-இல் கலிபோர்னியாவில் செர்ரி, பதாவி என்ற இருவர் தலைமையில் 194 சென்டிமீட்டர் நீளமுள்ள கருவி மனிதரைப் படம் பிடித்தது. அதில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட படிகங்கள். தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில் பார்ப்பதால், மிகக் குறைந்த மருந்திலும் அதனால் படம் தர முடியும்.

கெடாவில் இருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம்? தூரம். கோலாலம்பூர்ப் பக்கத்தில் அந்தச் சர்க்கரையைச் செய்து காரில் ஏற்றினால், நெரிசலோடு ஐந்தரை மணி நேரத்தில் வடக்கே வந்து சேரும்போது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கூரிய கண் உள்ள கருவிக்குக் கொஞ்சம் மருந்தே போதும். ஆனால் அந்தக் கருவியின் விலை கொஞ்சமன்று. பணக்கார நாடுகளிலேயே சில இடங்களில்தான் அந்த நீளக் கருவி இருக்கிறது. என் கருத்தில், ஒரு பிரம்மாண்டக் கருவியைவிட, நோயாளி குறித்த தேதியில் போய்ச் சேர வண்டி வசதி செய்து கொடுப்பது நம் வட்டாரத்தில் அதிகம் பேரைக் காப்பாற்றும்.

சிலிக்கன் கண்ணுக்கும் குறை இல்லாமல் இல்லை. எலி வராமலே விழும் பொறி போல, ஒளி இல்லாமலே சில பொறிகள் தாமாக விழும். வெப்பம் எட்டுப் பத்து டிகிரி கூடினால் அந்தப் பொய்க் கணக்கு இரட்டிப்பாகும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் குளிரூட்டி நின்றுபோனால் கண் மங்கிவிடும். ஒரு பொறி விழும் அதிர்ச்சியில் பக்கத்துப் பொறியும் விழுவதுண்டு. பெரிய பரப்பை இத்தகைய சில்லுகளால் நிரப்புவது செலவு. ஆகவே அறுவை மேசையில் கையில் பிடித்துப் பார்க்கும் சிறு காமாக் கேமராக்களில் அது நுழைந்திருக்கிறது. பெரிய காமாக் கேமராக்களில் கண்ணாடிக் குழலே இன்னும் ஆட்சி செய்கிறது. ஒளியே இல்லாமல் காமாவை நேராக மின்சாரமாக்கும் வேறொரு படிகமும் இருதயப் படங்களுக்குப் பயன்படுகிறது. அது தனிக் கதை.

கடைசியாக, அழைப்புக் கடிதம் வந்த வீட்டாருக்கு. டெக்னீஷிய ஊசி ஆறு மணிக்கொரு முறை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். அன்று தண்ணீர் நிறையக் குடியுங்கள். முடி கொட்டாது. கைக்குழந்தையை அன்று ஒருநாள் நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லக்கூடும், அவ்வளவுதான். கருவுற்றிருந்தாலோ, கருவோ என்ற ஐயம் இருந்தாலோ, பால் கொடுக்கும் தாயாக இருந்தாலோ, ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், வெட்கப்படக் கூடாது. எத்தனை மணி நேரம் பால் நிறுத்த வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். தைராய்டுச் சிகிச்சைக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு. அது எட்டு நாளில்தான் பாதியாகும், பால் கொடுப்பதை அறவே நிறுத்த வேண்டும், சில நாள் தனித்திருக்கவும் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் பேரப் பிள்ளையைத் தொடக்கூடாது என்ற பேச்சு பரவியது. பெட் ஸ்கேனுக்குப் போகும் நீரிழிவுக்காரர்கள், இன்சுலினும் மாத்திரையும் எப்போது எடுப்பது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால், நோய் உண்ண வேண்டிய அடையாளச் சர்க்கரை உள்ளே போகாது, படம் கெட்டுவிடும்.

மேசையில் படுத்ததும், பெரிய தட்டையான ஒரு தலை உங்கள் மார்புக்கு மேலே மிக அருகில் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். அது உங்கள் மேல் எதையும் பாய்ச்சுவதில்லை. அதற்குள் ஓர் உப்புப் படிகமும், அதன் பின்னால் ஐம்பது அறுபது கண்ணாடிக் குழல்களும் இருட்டில் உட்கார்ந்து பொறிகளை எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடியும் வரை நீங்கள் அசையாமல் இருக்க வேண்டும்.